மைனிங் மெஷின் வாங்கும் முன் ஈபி கார்டை எடுத்து வையுங்கள்

சென்னை பெரம்பூரில் இன்வெர்ட்டர், யூபிஎஸ், ஸ்டெபிலைசர் சர்வீஸ் செய்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில். வீட்டு வயரிங் வேலையும் எடுப்பேன். கொஞ்ச காலமாக என்னிடம் ஒரு புதுக் கேள்வி வருகிறது. "அண்ணா, பிட்காயின் மைனிங் மெஷின் வாங்கப் போறேன், அதுக்கு ஒரு தனி லைன் இழுத்துத் தருவீங்களா?" பிட்காயின் என்ற டிஜிட்டல் காசைப் பரிசாகப் பெறுவதற்காக இடைவிடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் மெஷின் அது. கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போய் இரண்டு வருஷம்கூட ஆகாத பையன்கள். கையில் இருப்பது சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு.

லைன் இழுத்தால் எனக்குக் கூலி உண்டு. ஆனாலும் இப்போதெல்லாம் முதலில் உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வேலையைப் பற்றியே பேசுகிறேன். என் அக்கா மகனுக்கு அப்படிப் போட்டுக் காட்டாமல் லைனை இழுத்துக் கொடுத்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அக்கா வீடு கொளத்தூரில், இரண்டாவது மாடி. போன வருஷம் மார்ச் கடைசியில் பையன் எழுபத்தைந்தாயிரம் கொடுத்து ஒரு பழைய ஆண்ட்மைனர் எஸ்19 வாங்கினான். 95 டெராஹேஷ் ஓடும் மாடல். டெராஹேஷ் என்பது மெஷின் கணக்குப் போடும் வேகத்தின் அளவு. விற்றவர் "ஒரு நாளைக்கு நானூறு ரூபாய் வரும்" என்று சொல்லியிருந்தார். அந்த எண்ணில் பொய் இல்லை. அன்றைய நிலவரத்துக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வந்தது. அந்த நானூறை எடுக்க எத்தனை யூனிட் கரண்ட் போகும் என்பதை அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. "மாமா, லைன் மட்டும் போட்டுக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றான். போட்டுக் கொடுத்தேன்.

நாற்பத்தொரு நாள் ஓடியது. நடுவில் கரண்ட் போன நேரம், சூட்டில் தானாக நின்ற நேரமெல்லாம் கழித்தால் சுமார் 37 நாள் ஓட்டம். பிட்காயினாக வந்ததை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் பதினைந்தாயிரத்துச் சொச்சம். அப்புறம் ஈபி ரீடிங் எடுக்க வந்தார்கள். வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 460 யூனிட், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்வாக்கில் கட்டும் வீடு அது. அந்த முறை 3,360 யூனிட். பில் 34 ஆயிரத்துச் சொச்சம். அக்கா கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மீட்டர் பழுதாகிவிட்டது என்றே நினைத்தாள். எனக்குப் போன் செய்து, "தம்பி, மீட்டரை மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். மீட்டரில் ஒரு குறையும் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

முதலில் வரவு. பிட்காயினில் ஏறக்குறைய பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளைப் பதிந்த ஒரு தொகுப்பு, உருவாகும். ஒரு நாளைக்கு 144. ஒவ்வொரு பிளாக்குக்கும் புதிதாகக் கிடைக்கும் பரிசு இப்போது 3.125 பிட்காயின். 2009-ல் 50-ஆக இருந்தது, சுமார் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் இந்த அளவுக்கு வந்தது. அடுத்த பாதி 2028-வாக்கில். ஆக, உலகம் முழுவதும் ஓடும் அத்தனை மெஷினும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பங்கு போட்டுக்கொள்வது 144 பெருக்கல் 3.125, அதாவது 450 பிட்காயின். பரிவர்த்தனைக் கட்டணம் கொஞ்சம் சேரும், அதைப் பூலுக்கு (பலர் மெஷின்களைச் சேர்த்து ஓட்டிப் பங்கு பிரித்துக்கொள்ளும் குழுவுக்கு) கொடுக்கும் கமிஷனோடு கழித்துவிடுங்கள்.

அந்த 450-ல் உங்கள் பங்கு எவ்வளவு? உலகத்தின் மொத்த வேகம் 2025-ல் ஆயிரம் எக்சாஹேஷைத் தொட்டது. டெராஹேஷில் சொன்னால் நூறு கோடி. உங்கள் மெஷின் 95. நூறு கோடியில் 95 பங்கு. அதை 450-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 0.00004275 பிட்காயின். ஒரு பிட்காயின் 80 லட்சம் என்று வைத்தால் 342 ரூபாய். விலையும் மொத்த வேகமும் தினமும் மாறும், நீங்கள் கணக்குப் போடும் அன்றைய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். பெருக்கும் முறை மாறாது.

அடுத்து செலவு. எஸ்19 இழுப்பது 3,250 வாட். ஒரு மணி நேரத்துக்கு மூன்றே கால் யூனிட், ஒரு நாளைக்கு 78 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 4,680 யூனிட். நம்மூரில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500-க்குள் இருந்தால் அடுத்த நூறும் மலிவு. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த மலிவு விலை போய்விடும், அப்புறம் படிப்படியாக ஏறும். ஆயிரத்தைத் தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் பதினொன்றரை ரூபாய்க்குக் குறையாது. மெஷின் எடுக்கும் கரண்டில் பெரும்பகுதி அந்த உச்சிப் படியில்தான் விழும். ஏனென்றால் கீழ்ப் படிகளை உங்கள் வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏசியும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டன.

இங்கேதான் பையன்கள் தவறுகிறார்கள். பழைய பில்லை எடுத்து, தொகையை யூனிட்டால் வகுத்து, "எங்க வீட்டுல யூனிட் மூணேகால் ரூபாய்தான் ஆகுது" என்பார்கள். அது இதுவரை எரித்த கரண்டின் சராசரி. புதிதாகச் சேர்க்கும் யூனிட்டின் விலை அது கிடையாது. லாபம் காட்டும் ஆன்லைன் கால்குலேட்டர்களிலும் கரண்ட் விலைக் கட்டத்தைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் டாலர் கணக்கில் வேறு நாட்டு விலை ஒன்று முன்கூட்டியே போட்டிருக்கும். அதை அழித்துவிட்டு நம் உச்சிப் படி விலையைப் போடுங்கள்.

78 யூனிட்டைப் பதினொன்றரையால் பெருக்கினால் 897 ரூபாய். வரவு 342. ஒவ்வொரு நாளும் 555 ரூபாய் கையிலிருந்து போகிறது. மெஷின் விலையை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"அது பழைய மாடல் மாமா, புதுசு வாங்கினா சரியாயிடும்" என்று அக்கா மகனும் அப்புறம் சொன்னான். நியாயமான பேச்சுதான், அதனால் அதையும் போட்டுப் பார்த்தோம். எஸ்21 என்ற மாடல் 200 டெராஹேஷ், 3,500 வாட். வரவு ஒரு நாளைக்கு 720 ரூபாய். கரண்ட் 84 யூனிட், 966 ரூபாய். வித்தியாசம் குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் நஷ்டப் பக்கம்தான். வரவை யூனிட்டால் வகுத்தால் எட்டரை ரூபாய் வருகிறது. அதாவது யூனிட் எட்டரை ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் அந்த மெஷின் தன் கரண்டுச் செலவையே மீட்கும். எந்த மெஷினைப் பார்த்தாலும் இந்த ஒரு வகுத்தலைச் செய்யுங்கள்: ஒரு நாள் வரவு, வகுத்தல் ஒரு நாள் யூனிட். வரும் எண் உங்கள் உச்சிப் படி விலைக்கு மேலே இருந்தால்தான் மேற்கொண்டு யோசிக்கலாம்.

அதற்கும் மேலே வரி இருக்கிறது, இதைப் பலர் பார்ப்பதே இல்லை. 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ போன்ற சொத்துகளை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 31.2. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங் செய்கிறவர் காயினை விலை கொடுத்து வாங்கவில்லையே, அவர் எதைக் கழிப்பார்? மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே அரசு பதில் சொல்லிவிட்டது. ஆக, கரண்டுக்கு 900 ரூபாய் கொடுத்து 342 ரூபாய் சம்பாதித்தவரும் அந்த 342-க்கு வரி கட்ட வேண்டும். நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது. விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வரி, பிடிப்பார்கள். உங்கள் நிலைமைக்கு ஆடிட்டர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். வரியும் போன பிறகு எஸ்21-க்குக் கட்டுப்படியாகும் கரண்ட் விலை யூனிட்டுக்கு ஆறு ரூபாய்க்குக் கீழே இறங்கிவிடும். எஸ்19-க்கு மூன்று ரூபாய்.

விலை ஏறினால்? அதுவும் நடக்கலாம். ஆனால் பிட்காயின் 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தன் கடினத்தை, அதாவது ஒரு பிளாக்கைப் பிடிக்கப் போட வேண்டிய கணக்கின் அளவை, திருத்திக்கொள்ளும். விலை ஏறினால் மலிவுக் கரண்ட் கிடைக்கும் இடங்களில் ஆயிரக்கணக்கில் மெஷின்களை ஏற்றுவார்கள், கடினம் ஏறும், உங்கள் 95 பங்கு இன்னும் பெரிய மொத்தத்தில் கரையும். பூடானில் அரசு முதலீட்டு நிறுவனமே மலை ஆற்று நீர்மின்சாரத்தில் மைனிங் செய்கிறது. கொளத்தூர் இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு மெஷின் அந்த மின்சாரத்தோடுதான் போட்டி போட வேண்டியிருக்கிறது. விலை ஏறும் என்று உறுதியாக நம்புகிறவர் மெஷினுக்கும் ஈபிக்கும் போகும் பணத்தில் நேராகக் காயினையே வாங்கியிருந்தால் அதே நம்பிக்கைக்குக் குறைந்த செலவு. வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறேன்.

இனி என் தொழில் பக்கம். கூலி வாங்கியவன் என்ற முறையில் இதை விவரமாகச் சொல்லியாக வேண்டும்.

3,250 வாட் என்பது 230 வோல்ட்டில் 14 ஆம்பியர். வாட்டர் ஹீட்டரும் அவ்வளவு இழுக்குமே என்பார்கள். ஹீட்டர் இருபது நிமிஷம் ஓடி நின்றுவிடும். இது இருபத்துநாலு மணி நேரமும், மாதக்கணக்கில். அந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்த இடம் வேறொரு வீடு, வில்லிவாக்கத்தில். பையன் மெஷினை ஏசி பாயிண்டில் செருகி மூன்று வாரம் ஓட்டியிருந்தான். ரூமுக்குள் நுழைந்ததும் மூக்கில் கருகிய பேக்கலைட் வாடை. பிளக் டாப்பை உருவ முயன்றேன், வரவில்லை. மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். ஃபேஸ் பின் பித்தளை நிறம் போய் ஊதா படர்ந்து கறுத்திருந்தது. சாக்கெட்டின் வலது ஓட்டை உருகி முட்டை வடிவமாகியிருந்தது. உள்ளே 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரின் இன்சுலேஷன் விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் சமையலறை, அங்கே கேஸ் சிலிண்டர். எம்சிபி, அதாவது லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச், டிரிப் ஆகவே இல்லை. ஏன் ஆகும்? ஓவர்லோடே இல்லையே. தளர்ந்த பிடிப்பில் வரும் சூடு எம்சிபிக்குத் தெரியாது.

அதனால் கணக்கெல்லாம் பார்த்தும் வைத்தே தீருவேன் என்பவருக்கு என் நிபந்தனை இது. மீட்டர் போர்டிலிருந்து நேராகத் தனி லைன், 4 ஸ்கொயர் காப்பர் வயர், தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் அணைக்கும் ஆர்சிசிபி, சோதித்துப் பார்த்த எர்த். சாதாரண மூன்று பின் சாக்கெட் வேண்டாம், இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். முதல் வாரம் தினமும், அப்புறம் மாதம் ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு டெர்மினல் ஸ்க்ரூக்களை இறுக்க வேண்டும். படுக்கும் அறையில் வைக்கக் கூடாது. உங்கள் இணைப்புக்கு எவ்வளவு லோடு வாங்கியிருக்கிறது என்று ஈபி ஆபீஸில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பில் வருமானத்துக்காக இரவு பகலாக மெஷின் ஓட்டுகிறீர்கள். அனுமதித்த காரணத்தைத் தாண்டிய பயன்பாடு என்று முடிவானால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கேட்கலாம். இரண்டு மாதத்தில் ஏழு மடங்கு யூனிட் காட்டும் வீட்டைத் தேடி ஆள் வராது என்று நினைக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் போட்டுத் தருவீர்களா என்றும் கேட்பார்கள். வீட்டில் இருக்கும் 150 ஏஹெச் பேட்டரியில் இருப்பது மொத்தமே 1.8 யூனிட். மெஷினுக்கு அது அரை மணி நேரத்துக்குப் போதும், காகிதத்தில். நடைமுறையில் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அந்த லோடைத் தூக்கவே தூக்காது.

சூடு. சென்னையில் இதுதான் பெரிய விஷயம், குளிர் நாட்டுக்காரர்களின் அனுபவம் நமக்கு உதவாத இடமும் இதுதான். மெஷின் இழுக்கும் 3,250 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வரும். அங்கே பனிக்காலத்தில் ஹீட்டருக்குப் பதிலாக அதை வைத்து வீட்டைச் சூடாக்கிக்கொள்கிறார்கள், அந்தச் செலவு மிச்சம். இங்கே அந்தச் சூட்டை வெளியேற்ற ஒரு டன் ஏசி கிட்டத்தட்ட முழு நேரமும் ஓட வேண்டும், அதற்கு ஒரு நாளைக்கு இன்னும் இருபது யூனிட்டுக்கு மேல். அக்கா மகன் ஏசி போடவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து ஜன்னல் வழியே தள்ளினான். கத்திரி வெயில் தொடங்கியதும் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை மெஷின் தன்னைத்தானே நிறுத்தி நிறுத்தி ஓடியது. கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் காற்று தோசைக்கல் மேல் குனிந்த மாதிரி இருக்கும். பக்கத்து அறையில் அத்தான் தூங்க முடியாமல் ஹாலுக்கு வந்து படுத்தார். சத்தம் 75 டெசிபல், நிற்காமல் ஓடும் வேக்குவம் கிளீனர் மாதிரி. கீழ் வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த பெண் மூன்று தடவை மேலே ஏறி வந்து கேட்டார். அக்கா குடும்பத்துக்கு நான் லைன் இழுத்துக் கொடுத்திருக்கக் கூடாது.

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேரும். அந்தப் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் யூபிஎஸ் போர்டுகளில் சால்டர் முனைகள் பச்சை பூத்துத்தான் வரும். மைனிங் மெஷின் இரண்டு பக்கமும் ஃபேன் வைத்து அந்தக் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது.

சோலார் போட்டால் கரண்ட் இலவசம்தானே என்பது அடுத்த கேள்வி. ஒரு கிலோவாட் பேனல் நம்மூரில் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், சுமார் நூறு சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். 78 யூனிட்டுக்கு இருபது கிலோவாட், இரண்டாயிரம் சதுர அடி. அப்படி மாடி உள்ளவர், மூன்று கிலோவாட் போட்டு முதலில் வீட்டு பில்லில் உச்சிப் படி யூனிட்டுகளை வெட்டட்டும். வெட்டிய ஒவ்வொரு யூனிட்டும் எஸ்21 சம்பாதித்துத் தருவதைவிட அதிகம் மிச்சப்படுத்தும், வரியும் கிடையாது. மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78 ஆயிரம் வேறு இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு வைத்து எத்தீரியம் என்ற இன்னொரு காயினை எடுக்கலாம் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னமும் சிலர் விசாரிக்கிறார்கள். அந்தக் கதவு 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மூடிவிட்டது, எத்தீரியத்தில் மைனிங்கே இல்லை. காஸ்பா மாதிரி சின்னக் காயின்களுக்குத் தனி மெஷின் விற்கிறார்கள். காஸ்பாவில் பரிசு மாதாமாதம் குறைந்து வருஷத்துக்குப் பாதியாகும், அதைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். "மெஷினை நாங்களே வைத்து ஓட்டி மாதாமாதம் பணம் அனுப்புகிறோம்" என்று சொல்லும் ஆப் எதிலும் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். மெஷினை உங்கள் கண்ணால் பார்க்க முடியாது, பணத்தைக் கேட்டு நிற்க ஒரு கதவும் இருக்காது.

தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளும் ஆசை உண்மையாகவே இருக்கும் பையன்களும் வருகிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம், அந்த ஆசையை நான் அணைக்க மாட்டேன். பிட்ஆக்ஸ் என்று உள்ளங்கை அளவு போர்டு ஒன்று இருக்கிறது, அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. ஒரு டெராஹேஷுக்குக் கொஞ்சம் மேலே ஓடும், 17 வாட்வாக்கில்தான் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 25 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மேஜை மேல் வைக்கலாம், பூல் என்றால் என்ன, ஹேஷ் என்றால் என்ன, கடினம் எப்படி மாறுகிறது என்று கண்ணால் பார்த்துப் படிக்கலாம். அது தனியாக ஒரு பிளாக்கைப் பிடிக்கும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். இன்றைய வேகத்தில் சராசரியாகப் பதினாறாயிரம் வருஷத்துக்கு ஒன்று. சிம் கார்டு ரீசார்ஜ் மாதிரி படிப்புச் செலவு என்று நினைத்து வாங்கினால் நல்ல பொருள்.

அக்கா மகன் மெஷினை ஜூன் மாதம் விற்றான். 52 ஆயிரத்துக்குப் போனது. வாங்கியவரிடம் ஈபி பில்லைக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள், அவனும் காட்டினான். நான் இழுத்த 4 ஸ்கொயர் லைனில் இப்போது அத்தான் அறைக்கு ஏசி ஓடுகிறது.

போன வாரம் ஆவடியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறானாம், ஞாயிற்றுக்கிழமை வந்து லைன் பார்க்க முடியுமா என்று கேட்டான். முதலில் ஈபி கார்டை போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். நேற்று அனுப்பினான். 380 யூனிட், ஆயிரத்து எண்பது ரூபாய்ச் சொச்சம். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றான். ஞாயிற்றுக்கிழமை டெஸ்டரோடு ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்.